காசு தெரியாத திறைசேரிப் பிரபு

அத்தியாயம் 4

"பிள்ளை, உள்ளுக்குப் போனால் உனக்கு இங்கிலிஷ் தெரியாது. விளங்குதோ?" என்றார் கிறிஸ்துநாயகம் அங்கிள்.

"உதைத்தானே அங்கிள் என்ர ஸ்கூல் ரீச்சரும் சொன்னவ."

"பகிடி விடாத. முகத்திலயும் தெரியக் கூடாது."

பிக்கரிங் புறநகரில் ஒரு புது வீட்டுக்கு முன்னால் எங்கள் பழைய கார் நின்றது. நவம்பர் மாதம், 1996. வியாழக்கிழமை காலை பத்து மணி ஐந்து நிமிடம். ஹீற்றர் வழக்கம்போல் லீவில் இருந்தது. பின் சீற்றில் பாலேஸ்வரி அக்கா கைப்பையை மடியில் வைத்து அதன் வாரைத் திருகிக்கொண்டே இருந்தார்.

அவருக்கு அன்று பகல் ஒரு மணிக்கு நகரத்தில் அகதி விசாரணை. தான் யார் என்று காட்ட அவரிடம் இருந்தவை இரண்டே இரண்டு ஒறிஜினல்: பிறப்புச் சான்றிதழும் இலங்கை அடையாள அட்டையும். இரண்டும் கையில் இல்லை. ஒறிஜினல் இல்லாமல் போனால், நீ பாலேஸ்வரிதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்ற முதல் கேள்வியிலேயே கதை முடிந்துவிடும் என்று லோயர் நேற்றுச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு கொழும்புக்கு விமானம். அங்கே அவரைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் அவருடைய புருஷனை என்ன செய்தார்கள் என்று அக்கா எங்களுக்குச் சொல்லியிருந்தார். அதை நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை.

என் பெயர் ரினோஸா. வெக்ஸ்போர்ட்டில் கோழிப் பொரியல் கடைக்கு மேலே, 'மொழிபெயர்ப்பு, துப்பறிதல்' என்று ஒரே பலகையில் எழுதிய அலுவலகம் எங்களுடையது. அங்கே மூளை அங்கிள், வாய் நான். அங்கிள் கொழும்புப் பாராளுமன்றத்தில் பதினொரு வருஷம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து, எம்.பி.மார் ஏசுவதை ஏச ஏசவே மூன்று மொழிக்கு மாற்றியவர். அதனால்தானோ என்னவோ, அவருக்குக் கோபமே வருவதில்லை.

கடதாசி காணாமல் போன கதை இதுதான். செவ்வாய்க்கிழமை பின்னேரம் அஜின்கோர்ட்டில் ஒரு மண்டபத்தில் கூட்டம். துண்டுப் பிரசுரம் தமிழில் முழங்கியது: 'பிரித்தானியாவின் முன்னாள் திறைசேரி ஆணையாளர் பிரபு, சேர் நோர்மன் ஆஷ்கிறீவ் எமது மக்களின் மனுக்களை நேரில் பெறுகிறார்.' அவரைக் கூட்டிவந்தவரும் அவர் பேச்சை மொழிபெயர்த்தவரும் தில்லையம்பலம். சனங்களுக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுக்கிற ஆள், இந்தப் புது வீட்டின் சொந்தக்காரர். சேர் ஒறிஜினலைத்தான் பார்ப்பாராம் என்று அவர் தனியாகச் சொல்ல, அக்கா இரண்டையும் ஓர் உறையில் போட்டு மேசையில் வைத்துவிட்டு வந்தார். மறுநாள் திருப்பிக் கேட்டால், சேர் லண்டனுக்கு அனுப்பிவிட்டார் என்று பதில்.

"பிரபு கள்ளன்," என்றேன் நான். "நான் லைப்ரரியில விசாரிச்சனான். இங்கிலாந்துப் பிரதமரின்ர தெருவில திறைசேரி மந்திரிக்கு வீடு பதினோராம் இலக்கம். உவர் கூட்டத்தில தன்ர கந்தோர் பன்னிரண்டாம் இலக்கம் எண்டவராம். கள்ளனுக்கு விலாசம்கூட வடிவாப் பாடமில்லை."

"வேறை?"

"பட்ஜெற்றைப் பற்றி ஒராள் கேட்க, எனக்கு அதில ஒண்டுமே தெரியாது எண்டு சிரிச்சவராம். அக்காவுக்குப் பக்கத்தில இருந்த மனுசிக்கு இங்கிலிஷ் விளங்கும், அவதான் சொன்னவ. மற்றது, கூட்டம் முழுக்க ஆக்களை எண்ணிக்கொண்டே இருந்தவராம்."

"எண்ணினவரோ?" அங்கிள் ஒரு கணம் ஸ்டியரிங்கைப் பார்த்தார். "சரி, இறங்குவம். நான் பாலேஸின்ர தமையன். நீ அயல்வீட்டுப் பிள்ளை. இரண்டு பேரும் மக்குகள்."

"எனக்கு ஒத்திகை தேவையில்லை அங்கிள். நீங்கள்தான் கவனம்."

தில்லையம்பலம் கதவைத் திறந்தார். ஐம்பது வயது, வாசனைத் தைலம், வாய் நிறையச் சிரிப்பு. அக்காவைக் கண்டதும் சிரிப்பு கொஞ்சம் சுருங்கி, மறுபடியும் விரிந்தது. சாப்பாட்டு அறையில் எழுபது வயது தாண்டிய ஒல்லியான வெள்ளைக்காரர் ஒருவர் தோசையைக் கத்தியால் சதுரம் சதுரமாக வெட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் ஆஷ்கிறீவ். எங்களைக் கண்டதும் எழுந்து நின்று கை கொடுத்தார். கள்ளனுக்கு நல்ல பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கிள் தலையைச் சொறிந்தார். "அண்ணை, எனக்கு இங்கிலிஷ் ஓடாது. சேரிட்டை ஒருக்கால் கேட்டுச் சொல்லுங்கோ. தங்கச்சியின்ர கடதாசியள் எங்கையாம்?"

தில்லையம்பலம் வெள்ளைக்காரரிடம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னார்: "இவர்கள் உங்களுக்கு மரியாதை செலுத்த வந்திருக்கிறார்கள். இந்தக் குளிர் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்கிறார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அங்கிளின் முகம் தோய்த்துக் காயப்போட்ட துணி மாதிரி வெறுமையாக இருந்தது.

"குளிர் பழகியதுதான்," என்றார் ஆஷ்கிறீவ். "இந்த அம்மாவை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பச்சைச் சேலை. பதினேழாவது உறை. அவருடைய காரியம் நல்லபடியாக நடக்கிறதா?"

தில்லையம்பலம் எங்கள் பக்கம் திரும்பினார். "சேருக்கு உங்களை ஞாபகமில்லையாம் தங்கச்சி. கனபேர் வந்தவைதானே. எல்லாற்றை கடதாசியும் லண்டனுக்குப் போட்டுதாம். இனித் திருப்பி எடுக்க ஏலாதாம்."

என் வாய் தானாகத் திறந்தது. அங்கிளின் குதிக்கால் என் பெருவிரலில் ஏறி நின்றது. வாயை மூடிக்கொண்டேன். அக்கா ஒன்றும் விளங்காமல் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். சுவர் மணிக்கூட்டில் பத்து இருபத்தைந்து.

"ஐயோ கடவுளே," என்று அங்கிள் இழுத்தார். "அப்ப சேர் பெரிய ஆள்தான். திறைசேரியில அவருக்கு என்ன வேலையாம் அண்ணை?"

இது ஆபத்தில்லாத கேள்வி என்று தில்லையம்பலம் நினைத்திருக்க வேண்டும். அதை மட்டும் சரியாக மொழிபெயர்த்தார்.

ஆஷ்கிறீவ் சட்டைப் பையிலிருந்து தன் விசிற்றிங் கார்ட்டை எடுத்து அங்கிளிடம் நீட்டியபடியே சிரித்தார். "வேலையா? ஆட்களுக்குத் தொல்லை கொடுப்பது. வாக்கெடுப்பு மணி அடித்தால் எட்டு நிமிடம். அதற்குள் எங்கள் பக்கத்து ஆட்களைத் தேடிப் பிடித்து உள்ளே விட வேண்டும். ஒருவரை ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே கொண்டுவந்தேன். பணமா? என் சம்பளத்தைத் தவிர அந்தத் திறைசேரியில் நான் ஒரு பென்னியைக்கூடக் கண்டதில்லை."

"நாட்டின்ர முழுக் காசும் சேரின்ர கையாலதான் போய் வந்ததாம்," என்றார் தில்லையம்பலம்.

அங்கிள் கார்ட்டைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, அழுத்தம் திருத்தமான ஆங்கிலத்தில் பேசினார்.

"மிஸ்டர் ஆஷ்கிறீவ், நீங்கள் அரசாங்கக் கொறடாவாக இருந்திருக்கிறீர்கள். இவர் நான் கேட்டதையும் உங்களிடம் சொல்லவில்லை, நீங்கள் சொன்னதையும் எங்களிடம் சொல்லவில்லை. நான் கேட்டது குளிரைப் பற்றியல்ல. என் கட்சிக்காரியின் பத்திரங்கள் எங்கே?"

தில்லையம்பலத்தின் முகத்தில் இருந்த இரத்தம் முழுவதும் எங்கோ இறங்கிப் போய்விட்டது. எனக்கும் பாதிதான் விளங்கியது.

"அங்கிள், பிரபு கள்ளனில்லையோ?"

"நாங்கள் பிழையான ஆளைத் துரத்தியிருக்கிறம் பிள்ளை." அங்கிள் கார்ட்டை என் கையில் வைத்தார். "பார். லோட் கொமிஷனர் ஒவ் த ட்ரெஷறி. அது வெறும் பட்டப் பேர். வேலை கொறடா வேலை, வாக்கெடுப்புக்கு ஆள் சேர்க்கிற வேலை. அந்தப் பட்டம் இருக்கிறவர் பிரபுவும் இல்லை, திறைசேரிப் பக்கம் போறதும் இல்லை. கொறடாக்களின்ர கந்தோர்தான் பன்னிரண்டாம் இலக்கம். பிரசுரத்தில சொல்லுக்குச் சொல் சரியாத்தான் தமிழாக்கியிருக்கு, ஆனால் ஆள் மாறிப்போச்சு. தமிழை மட்டும் பார்த்த நானும் ஏமாந்துபோனன்."

"நான் சேரும் அல்ல," என்றார் ஆஷ்கிறீவ், நடந்ததை அங்கிளிடம் கேட்டறிந்த பிறகு. அவருடைய குரல் மாறியிருந்தது. உள் பையிலிருந்து ஒரு சிறிய அட்டையை எடுத்தார். அதில் வரிசையாகப் பென்சில் கோடுகள். "பழக்கம் விடவில்லை, எங்கே போனாலும் எண்ணுவேன். செவ்வாய்க்கிழமை இருபத்தாறு உறைகள் வந்தன. இருபத்தைந்து நீலப் பைக்குள் போயின. அவை எல்லாம் நகல் மனுக்கள், என் பெட்டியில் இருக்கின்றன. பதினேழாவதை மட்டும் இவர் தன் சாம்பல் நிற ஓவர்கோட்டுக்குள் வைத்தார். அந்த அம்மாவின் உறவினர் போலிருக்கிறது என்று நினைத்தேன்."

"காரை ஒருக்கால் எடுத்து விடவேணும்," என்று முணுமுணுத்தபடி தில்லையம்பலம் வாசல் பக்கம் நகர்ந்தார். அந்தக் கிழவருக்கு அவ்வளவு வேகம் இருக்கும் என்று யார் கண்டது! தில்லையம்பலம் போய்ச் சேருவதற்கு முன்பே கதவில் முதுகைக் கொடுத்து நின்றார்.

"எண்ணி முடியும்வரை கதவு பூட்டித்தான் இருக்கும்," என்றார்.

நான் வாசலில் இருந்த அலுமாரியைத் திறந்தேன். சாம்பல் நிறக் கோட்டின் உள் பையில் உறை இருந்தது. அக்கா ஓடிவந்து பறித்தார். பிறப்புச் சான்றிதழ் அப்படியே இருந்தது. அடையாள அட்டையை எடுத்தவர் அதை அப்படியே என் பக்கம் நீட்டினார்.

அட்டையில் அக்காவின் பெயர், அக்காவின் பிறந்த திகதி. ஆனால் படத்தில் வேறொரு பெண்.

அட்டை தொலைந்திருந்தால்கூடப் பரவாயில்லை. இதைக் கொண்டுபோய்க் காட்டினால் அக்காதான் கள்ள அட்டைக்காரி. காட்டாவிட்டால் அவர் யாருமே இல்லை.

"என்ர படம் எங்கை?" என்று அக்கா கேட்டார்.

"கிழிச்செறிஞ்சுபோட்டன்," என்றார் தில்லையம்பலம் நிலத்தைப் பார்த்தபடி. "உங்களுக்கு லோயர் இருக்கிறார்தானே தங்கச்சி. வேறை வழி ஏதும் செய்வியள் எண்டு..."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "கடதாசி இல்லாமல் நிக்கிறது எப்பிடியெண்டு உங்களுக்குத் தெரியுமோ? தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில எங்கட முஸ்லிம் ஆக்களுக்கு இரண்டு மணித்தியாலம் தந்து வெளியேறச் சொன்னவங்கள். வாப்பா காணி உறுதியையும் விட்டிட்டு, என்ர பேர்த் சேட்டிபிக்கற்றையும் விட்டிட்டு வந்தவர். நான் ஆரெண்டு நிரூபிக்க எனக்கு நாலு வருஷம் எடுத்தது!"

அங்கிள் என் தோளைத் தொட்டார்.

ஆஷ்கிறீவ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "விசாரணை எத்தனை மணிக்கு?"

"ஒரு மணிக்கு."

"என் விமானம் மூன்று மணிக்கு. அது போனால் போகட்டும். நான் கண்டதைச் சொல்ல வருகிறேன். இவரும் வருகிறார்." தில்லையம்பலத்தின் முழங்கைக்குள் தன் கையைக் கோர்த்தார். தள்ளவும் இல்லை, இழுக்கவும் இல்லை. ஆனாலும் தில்லையம்பலம் நடந்தார். கொறடாவாகச் செய்த வேலை அல்லவா!

எங்கள் காரை நம்பி ஹைவேயில் ஏறினால் விசாரணை அடுத்த வருஷம்தான். ஸ்ரேஷனுக்குப் போய்ப் நகரத்துக்குப் போகிற பதினொன்று முப்பத்தேழு கோ ட்ரெயினைப் பிடித்தோம். பெட்டியில் கூட்டமில்லை. அக்கா தில்லையம்பலத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். அட்டையை நீட்டினார்.

"இந்தப் பிள்ளை ஆர்?"

பதில் வர இரண்டு ஸ்ரேஷன் எடுத்தது. "என்ர அக்காவின்ர மகள். தாய் தேப்பன் இல்லை. போன மாசம் அவளின்ர அகதிக் கேசை றிஜெக்ட் பண்ணிப்போட்டாங்கள். உங்கட வயசு, உங்கட உயரம். உங்கட பேரில திரும்ப விண்ணப்பிக்கலாம் எண்டு பார்த்தன்."

அவரை நிம்மதியாக வெறுத்துக்கொண்டிருந்தேன். அந்த நிம்மதியும் போயிற்று.

அக்கா படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி, அட்டையின் ஓரத்தைக் கிளப்பி, அந்தப் பெண்ணின் படத்தை மெதுவாகப் பிரித்து எடுத்தார்.

அங்கிள் துள்ளி எழுந்தார். "பாலேஸ், என்ன வேலை பாக்கிறியள்! உதுதான் எங்களுக்கு இருக்கிற ஒரே சாட்சி!"

"உவளை நான் காட்டிக்குடுக்க மாட்டன்," என்றார் அக்கா. படத்தைத் தில்லையம்பலத்தின் உள்ளங்கையில் வைத்து, குனிந்து அவர் காதோடு ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. தில்லையம்பலம் விரல்களை மூடிக்கொண்டார்.

யூனியன் ஸ்ரேஷனில் இறங்கியபோது மணி பன்னிரண்டு இருபத்தெட்டு. மதியக் கூட்டம். படியில் அக்காவுக்குக் கால் தடுக்க, ஆஷ்கிறீவ் ஒரு கையை விடுவித்து அவரைப் பிடித்தார். அவர் திரும்பியபோது தில்லையம்பலம் இல்லை. நான் மண்டபத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடினேன். சாம்பல் கோட்டு ஆயிரம் இருந்தது, அவர் இல்லை.

"ஒருவரைத் தவறவிட்டேன்," என்றார் ஆஷ்கிறீவ். அப்போதுதான் அவருடைய வயது முழுவதும் முகத்தில் தெரிந்தது.

"போகட்டும். நேரமில்லை," என்றார் அங்கிள். அக்கா அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தார்.

விசாரணை அறைக்குள் துணைக்கு என்று அக்கா கேட்டுக்கொண்டதால் என்னையும் அங்கிளையும் விட்டார்கள். மேசைக்கு அப்பால் விசாரிக்கிற அம்மையார், கண்ணாடியை மூக்கின் நுனியில் வைத்திருந்தார். லோயர் நடந்ததை விளக்கிவிட்டு ஆஷ்கிறீவைக் கூப்பிட்டார்.

"இந்தப் பெண்ணை உங்களுக்குத் தெரியுமா?"

"செவ்வாய்க்கிழமை மாலை பதினேழாவது உறையைத் தந்தவர் இவர். அது யாருடைய கோட்டுக்குள் போனது என்று பார்த்தேன். இன்று காலை அங்கேயே கிடைத்தது."

"தரும்போது உறைக்குள் என்ன இருந்தது?"

ஆஷ்கிறீவ் தயங்கினார். பொய் சொல்லியிருக்கலாம். "தெரியாது அம்மா. உள்ளே என்ன என்று பார்ப்பது என் தொழிலாக இருந்ததில்லை. நான் எண்ண மட்டுமே செய்வேன்."

லோயர் கண்ணை மூடிக்கொண்டார். அம்மையார் அட்டையை உயர்த்தினார். படம் இருக்க வேண்டிய இடத்தில் பசைக் கறையும், ஓரத்தில் கிழிந்த துணுக்கும் பாதி முத்திரையும் மட்டும். "இதில் இருந்த படம் எங்கே? யார் பிரித்தது?"

அக்கா வாயைத் திறந்தால் அந்தப் பெண் மாட்டுவாள், திறக்காவிட்டால் தானே மாட்டுவார். அவர் திறக்கவில்லை. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

அப்போது கதவு தட்டப்பட்டது. காவலாளி எட்டிப் பார்த்து, சாட்சி என்று ஒருவர் வெளியே நிற்கிறார் என்றான்.

தில்லையம்பலம் உள்ளே வந்தார். தலை கலைந்து, கழுத்தெல்லாம் வியர்வை. யாரையும் பார்க்காமல் நேரே மேசைக்குப் போய்ப் பர்ஸைத் திறந்தார். அதிலிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்து, அம்மையாரின் முன்னால் இருந்த அட்டையில் வைத்தார். கிழிந்த ஓரமும் பாதி முத்திரையும் மீதிப் பாதியோடு அச்சொட்டாகப் பொருந்தின. படத்தில் அக்கா, ஏழெட்டு வயது குறைவாக, கமெராவைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தார்.

"பிரித்தது நான்," என்றார் ஆங்கிலத்தில். இந்த முறை ஒரு சொல்லும் மாறவில்லை. "எறிந்துவிட்டேன் என்று சொன்னது பொய். இவரை ஏமாற்றி ஒறிஜினலை வாங்கியதும் நான்தான்."

"யாருக்காக?"

"அதைச் சொல்ல மாட்டேன். என் பங்கைச் சொல்லத்தான் வந்தேன். பொலிஸைக் கூப்பிடுங்கள்."

அம்மையார் படத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு அட்டையைக் கீழே வைத்து, பேனையைத் திறந்து, புருஷனைப் பற்றிய கேள்விகளைத் தொடங்கினார். அக்கா யார் என்ற கேள்வியை அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, கோரிக்கை ஏற்கப்பட்டது என்றார். அக்கா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்?

தில்லையம்பலத்தை இரண்டு பொலிஸ்காரர்கள் நடைக்கூடத்தின் மறுமுனையால் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆஷ்கிறீவ் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தனையோ பேரைக் கையைப் பிடித்துக் கொண்டுவந்திருக்கிறேன்," என்றார் அங்கிளிடம். "கையை விட்ட பிறகு ஒருவரும் தானாக வந்ததில்லை. ரயிலில் அந்த அம்மா இவரிடம் என்ன சொன்னார்? கேட்டுச் சொல்ல முடியுமா?"

அங்கிள் கேட்டார். அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"நான் பெரிசா என்னத்தைச் சொன்னனான்? நீங்கள் வராட்டியும் பரவாயில்லை அண்ணை, உந்தப் பிள்ளையைத் தனிய விட்டிடாதேங்கோ எண்டனான்."

அங்கிள் அதை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். பாதியில் குரல் நின்றுவிட்டது. மிச்சத்தை நான்தான் சொல்லி முடித்தேன்.